திண்டிவனத்தில் என் இரண்டாவது செய்முறைத் தேர்வு

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கான பட்டயப் படிப்பில் எழுத்துத் தேர்வையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு, செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டவள் நான். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது என் பழக்கம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு என் முதுகும் பின்னலும்தான் பாடமாகக் கிடைத்தன. தேறினால்தான் பதிவு எண் வரும். அது இல்லாமல் எந்தப் பள்ளியிலும் வேலை கிடைக்காது.

ஆகவே அடுத்த வருடமும் வளவனூரில் ஏறி, விழுப்புரத்தில் பஸ் மாறி, திண்டிவனத்துப் பள்ளியில் அதே வகுப்புக்குப் பயிற்சிக்காகப் போனேன். பிள்ளைகள் இப்போது என்னை நன்றாக அறிந்திருந்தார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் அத்தனை பேரும் மேசையைத் தட்டுவார்கள். நான் பதறித் திரும்புவதில் அவர்களுக்குப் பரம திருப்தி.

தேர்வன்று காலையில் என் புத்தி இப்படிப் போயிற்று. மேசைச் சத்தம் கேட்டால் அடங்காத வகுப்பு என்று தேர்வாளர் நினைத்துவிடுவாரே. "இன்னைக்கு யாரும் தட்டக் கூடாது" என்று வாயாலும் சைகையாலும் சொல்லிவைத்தேன்.

வந்தவர் போன வருடம் என்னைத் தோற்கடித்த அதே தேர்வாளர். பாடம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை அறுவடை. வேரோடு செடி கொண்டுபோயிருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அவர் பேனாவைத் திறந்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. பலகைப் பக்கம் திரும்பி, எழுதிக்கொண்டே மூன்று வாக்கியம் பேசிவிட்டேன். ஒரு மேசையும் சத்தம் போடவில்லை. அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகள்.

திடீரென்று என் மோவாயை ஒரு சின்னக் கை பிடித்தது. முன்வரிசைச் சிறுமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, என் முகத்தை வகுப்பின் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினாள்.

தேர்வாளர் அவள் முன்னால் குனிந்து, நிதானமாகக் கேட்டார்.

"ஏன் அப்பிடி பண்ணே?"

தட்டக் கூடாதென்று டீச்சர்தான் சொன்னார் என்று சைகையில் போட்டுக்கொடுத்தாள். என் வேலை அங்கேயே போயிற்று என்று நினைத்தேன்.

"போன வருசம் பண்ண தப்பையே இப்பவும் பண்ணிக்கினு இருக்கீங்க" என்றார் அவர். "ஆனா இந்தத் தடவ திருத்தறதுக்கு ஆளு பழக்கி வச்சிருக்கீங்க. பாஸ் போடறேன். இனிமே அவங்க தட்டனா தடுக்காதீங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லோரும் கைகளை மேலே தூக்கி ஆட்டினார்கள், அதுதான் அவர்களுடைய கைதட்டல். அந்தச் சிறுமி மட்டும் ஆட்டவில்லை. அப்படியானால் நாளையிலிருந்து வரமாட்டீர்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். வருடாவருடம் பயிற்சிக்கு வரும் ஐந்தாறு பேர் அந்த வகுப்பில் பழகி, தேறி, போய்விடுவார்கள். மறு வருடமும் வந்தவள் தோற்றுப்போன நான் ஒருத்திதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் வருகிறவர்களில் யாராவது ஃபெயில் ஆவார்களா என்று கேட்டாள்.