சுவருக்கு அந்தப் பக்கம் போன கம்பி

குமுதாவின் வீட்டுக்கு ரிப்பேர்காரன் என்று ஒருவன் வந்ததே கிடையாது. ஒழுகும் குழாய், கழன்ற கதவுக் கீல், சூடேறாத சோற்றுக் குக்கர், எதுவானாலும் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே உட்கார்ந்துவிடுவாள். கைபேசியில் ஒரு காணொளி பார்த்தால் போதும். "பாத்தா வந்துடும்லா, இதுக்கெல்லாம் எதுக்கு ஆளு?" என்பாள். பாதி சமயம் வந்துவிடும். மீதி சமயம் அந்தச் சாமானையே புதிதாக வாங்கிவிடுவார்கள். அதைப் பற்றி அவள் வெளியே மூச்சுவிடுவதில்லை.

அவள் கணவன் சிங்காரம் மலைமேல் இருக்கும் திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் குடித்தனம். பிள்ளை இல்லை. குமுதாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை. வீட்டுக்கு வந்தபிறகும் மூக்குக்குள் அந்தத் தூள் இருக்கும், தும்மிக்கொண்டே இருப்பாள். தொழிலாளர் லயத்தில் அவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுத் தவமலர் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இவள் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு!" என்று தவமலரின் குரல் வரும். மறுபடி தும்மினால் "எரநூறு!" கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து குமுதா இப்படித்தான் ஆயிரமாயிரம் ஆயுசு வாங்கிச் சேர்த்திருந்தாள்.

இந்த வருடம் தவமலருக்குத் தீபாவளி இல்லை. அவள் கணவன் சிவசாமி இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. கூடத்தில் அவர் படத்துக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு, காரியம் முடிந்த நாளிலிருந்து ராப்பகலாக எரிந்துகொண்டிருந்தது. குமுதா மட்டும் தன் வீட்டுக்குச் சாயம் அடித்தாள். பக்கத்தில் துக்க வீடு இருக்க, நாம் மட்டும் மினுக்குகிறோமே என்று சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடித்தாள். அடித்து முடித்ததும், புதுச் சுவரில் பழைய பழுப்புச் சுவிட்சுகள் கண்ணை உறுத்தின. விடுவாளா? பிரிஞ்சாங் கடைத்தெருவில் வெள்ளைச் சுவிட்சுகளாக வாங்கிவந்தாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான பெட்டியில் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றினாள்.

கூடத்துச் சுவிட்சில்தான் சிக்கல். பழைய சுவிட்சின் ஒரே துளையில் இரண்டு சிவப்புக் கம்பிகள் சேர்த்து முறுக்கிச் செருகியிருந்தன. புதுச் சுவிட்சின் துளை சின்னது. இரண்டும் நுழைய மாட்டேன் என்றன. ஒன்றை மட்டும் நுழைத்து, ஃபியூஸைப் போட்டுப் பார்த்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் மற்றது வெட்டிக் கம்பி. கறுப்பு டேப்பைச் சுற்றி உள்ளே திணித்து மூடிவிட்டாள். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கம்பி மிச்சம் போலிருக்கிறது என்று ஒரு கேலி வேறு.

அன்று சாயங்காலம் தவமலர் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"குமுதா, அவரு படத்து வெளக்கு அணைஞ்சுபோச்சு. புது பல்பு போட்டும் எரியல புள்ள."

"வயர்மேன் லீவுல போயிட்டானேக்கா. வந்ததும் பாக்கச் சொல்லலாம்."

"வயர்மேன் என்னாத்த பாப்பான்? வீடு பூரா லைட்டு எரியுது. அவருது மட்டும் எரியல. இன்னிக்குக் காலையிலதான் புனிதாகிட்ட ஈப்போவுக்கு வரேன்னு சொன்னேன்."

புனிதா அவளுடைய ஒரே மகள். தலைப்பிள்ளை வயிற்றில், மாதம் நெருங்கிவிட்டது. பிரசவத்துக்கு வா, வந்தபிறகு என்னோடேயே இருந்துவிடு என்று மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு நா இந்த வீட்ட விட்டுப் போறது புடிக்கல" என்றாள் தவமலர்.

அப்போது குமுதாவுக்குச் சத்தியமாக எதுவும் தெரியாது. அக்கா போய்விட்டால் இந்தக் குளிரில், இந்த மழையில் யாரோடு பேசுவது என்கிற பயம் மட்டும் ஏற்கெனவே நெஞ்சில் இருந்தது. அந்த பயம்தான் வாயைத் திறந்தது. "அப்படின்னா போகாதீங்கக்கா" என்றாள்.

தீபாவளி கழிந்து இரண்டொரு நாளில் குமுதாவின் கூடத்து விளக்கு மினுக்மினுக் என்று துடித்தது. ஃபியூஸைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைத் திறந்தாள். திருகாணி சரியாக இறுகவில்லை, அவ்வளவுதான். இறுக்கப் போனபோது டேப் சுற்றிய அந்த வெட்டிக் கம்பி வெளியே துருத்தியது. இழுத்துப் பார்த்தாள். அது மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. பலகையில் இருந்த துளை வழியே நேராக அந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கம், அதே உயரத்தில், என்ன சுவிட்ச் இருக்கிறது என்பது குமுதாவுக்குத் தெரியாதா? இவள் சுவிட்சுக்கு வந்த மின்சாரம்தான் அந்தக் கம்பி வழியாகச் சிவசாமியின் பல்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதே நேரம் பலகைக்கு அப்பால் தவமலர் போனில் பேசுவது கேட்டது. "அப்பாவுக்கு மனசில்லம்மா. நா வரல. நீ மாமியார வந்து பாத்துக்கச் சொல்லு." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கம்பி குமுதாவின் கையில் இருந்தது. சத்தமாக "அக்கா!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. திருகாணியை இறுக்கினாள், கம்பியை உள்ளே தள்ளினாள், மூடினாள். மறதியாக மூடவில்லை. தெரிந்தேதான் மூடினாள்.

துக்க வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள், அக்கம்பக்கம்தான் கொடுக்க வேண்டும். குமுதா மிச்சமிருந்த முறுக்கை எடுத்துக்கொண்டு போனாள். தவமலர் அந்தச் சில்லிட்ட சிமெண்டுத் தரையில், அணைந்த பல்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். "தப்புதாங்க. போகமாட்டேன். வெளக்க மட்டும் எரிய விடுங்க" என்று படத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். குமுதா முறுக்கை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. இருந்தும் வாய் திறக்கவில்லையே, அதுதான் கொடுமை.

மறுநாள் புனிதாவே அவளுக்கு போன் அடித்தாள். "சின்னம்மா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. எனக்கு பயமா இருக்கு சின்னம்மா."

போனை வைத்ததும் குமுதாவின் கை டெஸ்டரைத் தேடிற்று. அப்போதும் அவள் மனம் சுலபமான வழியைத்தான் பார்த்தது. யாருக்கும் தெரியாமல் கம்பியைச் சேர்த்துவிடுவோம். விளக்கு எரியும், அக்கா ஈப்போவுக்குப் போய்விடுவாள், கதை முடிந்தது. ஃபியூஸைக் கழற்றி, இரண்டு கம்பியையும் ஒரு இணைப்பானில் சேர்த்து, அதிலிருந்து ஒற்றைக் கம்பியைச் சுவிட்சுக்குக் கொடுத்தாள். காணொளியில் முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய வேலை. ஃபியூஸைப் போட்டாள்.

பலகைக்கு அப்பால் ஒரு அலறல். அடுத்த நிமிடம் தவமலர் தலைவிரிகோலமாக ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எரியுது புள்ள! வந்து பாரு! நா போகலன்னதும் அவருக்கு மனசு குளுந்துபோச்சு. இனி செத்தாலும் இந்த வீட்ட விட்டு நகரமாட்டேன்."

அந்த விளக்கு அணைந்து சொன்ன பொய்யைவிட, எரிந்து சொன்ன பொய் பெரிதாகிவிட்டது.

"அக்கா, அது அவரு இல்லக்கா. நானு." அவளை இழுத்துக்கொண்டு போய்த் திறந்து கிடந்த சுவிட்சைக் காட்டினாள். கம்பி துளைக்குள் போவதைக் காட்டினாள். டேப்பைக் காட்டினாள்.

தவமலர் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "எப்பத் தெரியும்?"

"நீங்க புனிதாகிட்ட வரலன்னு சொன்னீங்கள்ல, அப்பவே. கையில கம்பிய வச்சுக்கிட்டுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க போயிட்டா நா தனியா ஆயிடுவேன்னு…"

அறை விழும் என்று எதிர்பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றாள். தவமலரோ அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப அவரு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

தவமலர் தன் வீட்டுக்குப் போனாள். அந்தப் பக்கம் சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. போடும் சத்தம் கேட்டது. மறுபடி அணைத்து, மறுபடி போட்டாள். பிறகு போனில், "புனிதா, அம்மா வரேன். நாளைக்கே வரேன்" என்றாள்.

குமுதா திருகாணியை இறுக்கி, மூடியைப் பொருத்தினாள். திரும்பும்போது தும்மல் வந்தது. வழக்கம்போல் ஒரு கணம் காதைக் கொடுத்து நின்றாள். அந்தப் பக்கம் பெட்டியை இழுக்கும் சத்தமும், துணியை உதறி மடிக்கும் சத்தமும் தெளிவாகக் கேட்டன. மறுபடியும் தும்மினாள். நூறு என்று யாரும் சொல்லவில்லை.