கடிகாரத்துக்குப் பூட்டுப் போட்டவள்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை எங்கேயாவது சொல்லிக்கொள்ளாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அதனாலேயே என் தங்கை சத்யப்பிரியா என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் இங்கே எழுதப்போவது அவளைப் பற்றி.

அண்ணாகிராமம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி, கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போகிறவள் அவள். நைனா முகம்மது பாயின் கடையில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ எல்லாம் விற்கிறார்கள். கடையின் கம்ப்யூட்டர்கள் சத்யாவின் பொறுப்பு.

அவளுக்குத் தலைவலியாக வந்தது பஞ்சாங்கம். எங்கள் பக்கத்து ஜனம் ராகு காலத்தில் பொருள் எடுக்காது. பில்லில் நேரம் அச்சாகும் என்பதால் எமகண்டத்தில் அச்சான பில்லையும் வாங்காது. விற்பனையில் மூத்தவரான கொளஞ்சியப்பன் அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் மூலையில் இருக்கும் கடிகாரத்தை அழுத்தி, நல்ல நேரத்துக்குத் திருப்பி வைத்து, பில் போட்டுவிடுவார். கரிநாள் என்றால் தேதியே முந்தின நாளுக்குப் போகும். திரும்ப சரிசெய்ய மறந்துவிடுவார். அப்புறம் வரி கட்டும் இணையதளம் திறக்காது. பில் எண்கள் முன்னும் பின்னுமாக நிற்கும். ஒரு ஃப்ரிட்ஜுக்கு, தேதி பொருந்தவில்லை என்று கம்பெனி வாரன்டியே இல்லை என்றுவிட்டது.

பாய் சத்யாவைக் கூப்பிட்டார். "இந்த மாசத்துக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணும்மா. இல்லன்னா கம்ப்யூட்டருக்கு வெளியாளப் போட்டுர்றேன். நீ சிதம்பரம் கடைக்குப் போயி கவுன்டர்ல நின்னுக்க."

சிதம்பரம் கடையைப் பார்ப்பது பாயின் மகன் ஆசிக். அங்கே கவுன்டரில் நிற்பதற்கா அவள் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தாள்?

அதுவரை கடையில் எல்லாரும் ஒரே லாகினில்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சத்யா பில் போடுவதற்கென்று தனி லாகின் உண்டாக்கினாள். அதில் கன்ட்ரோல் பேனல், செட்டிங்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று கம்ப்யூட்டரோடு கூடவே வருகிற கருவிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்தாள். தேதியையும் நேரத்தையும் இனி அவள் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் தொட முடியாது.

மறுநாள் கொளஞ்சியப்பன் அண்ணன் கடிகாரத்தை அழுத்தினார். இதற்கு அனுமதியில்லை, அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும் என்று வந்தது.

"யாரும்மா அந்த அட்மினிஸ்ட்ரேட்டரு? நம்பர் குடு, நான் பேசிக்கிறேன்."

"நான்தாண்ணே."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கட்டும். மொத கல்யாண பார்ட்டி வரட்டும், அப்ப பாப்போம்."

கல்யாண பார்ட்டி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு எனக்கு லீவு என்பதால் நானும் கடையில் இருந்தேன். பெண்ணாடத்திலிருந்து தங்கம்மாள் என்கிற அம்மா, மகளின் சீருக்கு ஃப்ரிட்ஜும் பீரோவும் எடுக்க வந்திருந்தார். வழியில் பஸ் பஞ்சர். கடைக்குள் நுழையும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. ராகு காலம் முடிவது பன்னிரண்டுக்கு. ஆனால் பன்னிரண்டுக்கெல்லாம் ஜும்மா தொழுகைக்காகக் கடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மூன்று மணி ஆகும், அப்போது எமகண்டம் தொடங்கிவிடும்.

"எம் பொண்ணு சீருக்கு ராவு காலத்துல பில்லா? எங்க நாத்தனாருக்கு நேரத்த மாத்திப் போட்டுக் குடுத்தீங்கள்ள, அப்பிடிப் போடுங்க. இல்லன்னா எதிர்க்கடைக்குப் போறேன்."

கொளஞ்சியப்பன் அண்ணன் கையை விரித்தார். "எங்கிட்ட கேட்டு என்னா பண்றது? மேடத்தக் கேளுங்க."

பாய் எழுந்து வந்தார். "சத்யா, இன்னிக்கு ஒரு நாள் தொறந்து விடும்மா."

"தொறக்கறது ஒரு நிமிஷ வேல பாய். ஆனா இன்னிக்கு இவுங்களுக்குத் தொறந்தா நாளைக்கு வர்றவங்களுக்கு என்னா சொல்றது? வாரன்டி கெடைக்கலன்னா இதே அம்மா உங்களத்தான் வந்து கேப்பாங்க."

பாயின் முகம் இறுகியது. சிதம்பரம் கவுன்டர் என் கண் முன்னால் வந்து நின்றது.

சத்யா தங்கம்மாள் பக்கம் திரும்பினாள். "பெரிம்மா, விருத்தாசலத்துல பஸ் மாறும்போது ஃபோன் பண்ணீங்கல்ல?"

"ஆமா. செவப்பு ஃப்ரிட்ஜியும் பீரோவும் இருக்கான்னு கேட்டேன்."

"இருக்குன்னதும், எம் பொண்ணு பேருக்கு எடுத்து வையின்னு சொன்னீங்க. அப்பவே போட்டுட்டேன். இங்க பாருங்க."

ஆர்டர் பதிகிற பக்கம் அந்த சாஃப்ட்வேரில் முதலிலிருந்தே இருந்தது. யாரும் தொட்டதில்லை. பூட்டுப் போட்ட நாளிலிருந்து, ஃபோனில் உறுதியாகச் சொல்கிறவர்களின் பெயரை அந்த நிமிடமே அதில் பதிந்துவந்தாள் சத்யா. பில் அச்சாகி வந்தது. கீழே பில் போட்ட நேரம். மேலே ஆர்டர் கொடுத்த நேரம், காலை ஒன்பது இருபது. இரண்டும் நிஜம்.

தங்கம்மாள் மேல் வரியில் விரலை வைத்தார். "நல்ல நேரத்துலதான் எடுத்திருக்கேன். கீழ இருக்கறது உங்க கணக்கு, எனக்கு எதுக்கு? வண்டியில ஏத்துங்க."

கொளஞ்சியப்பன் அண்ணன் ஃப்ரிட்ஜின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

பாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கடை வாசலில் நின்றபடி மகனுக்கு ஃபோன் போட்டார். "ஆசிக், திங்கக்கிழம சத்யா அங்க வருது. கவுன்டருக்கு இல்லடா. அங்க இருக்கற கம்ப்யூட்டரையெல்லாம் அது கையில குடுத்துரு, பூட்டிட்டு வரட்டும்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. பாய் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பாஸ்வேர்டா? எனக்கே கெடையாதுடா."