பின்னால் போகும் தேதி

காலை ஒன்பதே காலுக்கு ஷஃபீகா 2028ஆம் ஆண்டின் பிப்ரவரி இருபத்தொன்பதில் இருக்கிறாள். அதை முடித்துவிட்டு டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் தாவுகிறாள். கன்னத்தில் கைவைத்து இரண்டு நிமிடம் காத்திருக்கிறாள்; வருடம் மாறும்போது எதிரே ஓடும் மென்பொருள் கோணல்மாணலாக எதையாவது செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தரை மணி டீ வருவதற்குள் அவளுக்கு மூன்று புத்தாண்டு பிறந்துவிடும். நிஜமான ஜனவரி ஒன்றாம் தேதி யாராவது வாழ்த்துச் சொன்னால் "சரி, சரி" என்பதோடு சரி.

பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடி. பதினோரு பேர் உள்ள மென்பொருள் நிறுவனம் அது. மற்றவர்கள் கட்டுவதை உடைத்துப் பார்ப்பது இவள் வேலை. மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள், வயது முப்பத்தாறு, கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு ஏறியே இருக்கும். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அதன் கடிகாரத்தை மட்டும் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் தள்ளுவாள். அந்தச் சனியனோ, கொஞ்சம் அசந்தால் இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கித் தன்னைத் திருத்திக்கொண்டுவிடும். "பொய் சொல்லுன்னு சொன்னா அஞ்சு நிமிசம் தாக்குப்பிடிக்க மாட்டேங்குது! நம்ம ஆளுவ மட்டும் நாள் பூரா சொல்லுதாவோ" என்று திட்டிக்கொண்டே அதன் இணையத் தொடர்பைத் துண்டிப்பாள்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் முதலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இருமல் மருந்தின் தேதியைப் பார்ப்பாள். முடிந்துபோனதைக் கேட்காமலேயே பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவாள். "இவ வந்துட்டுப் போனா மருந்து டப்பா காலி" என்று அவளுடைய உம்மாவே சலித்துக்கொள்வதுண்டு.

அலுவலகத்தில் அவள் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்குதான். நிரல் எழுதும் நடராஜ் கெட்ட பையன் இல்லை. ஆனால் பொறுமை கிடையாது. பொய்க் கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டிய தேதியை ஒருநாள் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே 2031க்குத் தள்ளிவிட்டான். ஒரு இணையதளமும் திறக்கவில்லை. இணைப்புக்காரனைப் போனில் கூப்பிட்டு அரைமணி நேரம் சண்டை பிடித்தான். பக்கத்தில் வந்து நின்ற ஷஃபீகா திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "ஏல, நீ ஆறு வருசம் முன்னால போயி ஒக்காந்துக்கிட்டு இன்னைக்கு உள்ள நெட்டக் கேட்டா, அவன் எங்கன இருந்து குடுப்பான்?"

இந்த ஆள்களை வைத்துக்கொண்டுதான் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு மென்பொருள் செய்துமுடித்திருந்தார்கள். ஒவ்வொரு ரத்தப் பைக்கும் ஆயுள் இத்தனை நாள் என்று கணக்கு. நாள் இருந்தால் திரையில் பச்சை, முடிந்தால் சிவப்பு. எது முதலில் காலாவதியாகுமோ அது பட்டியலின் மேலே வரும், வீணாகாமல் அதை முதலில் கொடுப்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். ஷஃபீகா கடிகாரத்தை ஒரே ஒரு நாள் பின்னால் தள்ளிப் பார்த்தாள். முந்தின நாள் முடிந்துபோன பை பச்சையாகி, பட்டியலில் முதலாவதாக வந்து உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் சொல்லும் தேதியை நம்பாதீர்கள், மருத்துவமனையின் நடுச் சர்வரைக் கேட்டு வாங்குங்கள், இரண்டும் ஒத்துவராவிட்டால் பூட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். நாலு நாள் வேலை என்றான் நடராஜ். திங்கட்கிழமை திறப்பு விழா என்றார் முதலாளி சிவசண்முகம்.

"தேதி முன்னால போவும், சரி. பின்னால எங்கன போவும்? தாமிரவருணி திரும்பிப் பாவநாச மலையப் பாத்து ஓடுதா?"

"பேட்டரி செத்தா போவும் அண்ணாச்சி. யாராவது மாத்துனாப் போவும்."

"எவன் மாத்துதான்? ஒன்னையத் தவிர இந்த ஊர்ல ஒருத்தனும் மாத்த மாட்டான். வெண்ணெ தெரண்டு வாற நேரத்துல தாழிய ஒடைக்காதம்மா. கையெழுத்தப் போடு."

'சோதனை முடிந்தது' என்ற தாளில் அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. அவரே வைத்த சட்டம் அது. அவள் போடவில்லை. இரண்டு நாள் அந்தத் தாள் மேசைக்கு மேசை அலைந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட, பன்னிரண்டு வருடமாகச் சொன்னதையே சொல்லித் தொண்டை வறண்ட எரிச்சல் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை ஒத்திகைக்கு ஷஃபீகா, நடராஜ், அண்ணாச்சி மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். தாளும் அண்ணாச்சியோடு வந்தது. ரத்த வங்கி எழுத்தர் சுவிசேஷமுத்து ஐம்பது வயதுக்காரர், பதினெட்டு வருட சர்வீஸ், ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் இல்லாத ஆள். புது மென்பொருள் அவருக்குப் பிடித்துவிட்டது. "நேத்து கரண்டு போனதுல ரெண்டு பையோட கணக்கு கம்ப்யூட்டர்ல ஏத்தாம விட்டுப்போச்சு. அத ஏத்திட்டு வந்திடுதேன்" என்று சொல்லிக்கொண்டே, திரையின் மூலைக்குப் போய்த் தேதியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்.

ஷஃபீகாவின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "என்ன சார் செய்யுதிய?"

"நேத்துள்ளத நேத்துத் தேதியிலதானே மேடம் ஏத்தணும்? இல்லேன்னா ஆடிட்டுல கேப்பாவோ. பழைய சாஃப்ட்வேர்லயும் இப்படித்தான். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ மாத்துவோம்."

சிரித்த முகத்தோடு சொன்னார். தப்பென்று தெரியாத, ஒழுங்கின் பேரிலேயே செய்கிற காரியம். ஷஃபீகாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது.

இரண்டு பையையும் ஏற்றி முடித்தார். தேதியைத் திருப்பி வைப்பதற்குள் பிரசவ வார்டிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். ஓ நெகட்டிவ், அவசரம், சீட்டை மேசையில் வைத்தாள். சுவிசேஷமுத்து பரபரவென்று அதே திரையில் தேடினார். முதல் வரி பச்சையாக வந்தது. எண்ணைப் பார்த்துக்கொண்டு குளிர்பெட்டிக்கு நடந்து, பையை எடுத்து வந்து, நர்ஸின் தட்டில் வைக்கப் போனார்.

"சார், அத எங்கிட்டக் குடுங்க! அடுத்த வரியில உள்ளத எடுத்துக் குடுங்க, இப்பமே!"

அந்தக் குரலுக்கு அவர் பையை அவளிடம் நீட்டிவிட்டுக் குளிர்பெட்டிக்குத் திரும்பினார். அவர் எடுத்து வந்த அடுத்த பையில் ஒட்டிய சீட்டின் தேதியை ஷஃபீகாவே இரண்டு தடவை படித்துப் பார்த்து, நர்ஸோடு அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் சுவிசேஷமுத்து ஷஃபீகாவின் கையிலிருந்த பையின் காலாவதித் தேதியையும் திரையின் மூலையையும் பார்த்தார். இரண்டிலும் நேற்றைய தேதி. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நடராஜ் அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போனான்.

அண்ணாச்சி கதவருகில் நின்றிருந்தார், நீட்டிய கையில் அந்தத் தாளோடு. ஷஃபீகா அவரிடம் போனாள். தாளை அவர் கையிலிருந்து உருவிவிட்டு, அது இருந்த இடத்தில் சில்லென்றிருந்த ரத்தப் பையை வைத்து, அவர் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கினாள்.