சொல்லாமல் விட்ட வலிப்பு

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். என் மகள் ஸ்டெல்லாவுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. வெளியே தெரிந்தால் யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று நானும் மனைவியும் மறைத்தோம். காட்டுப்பாக்கத்தில் தையல் வகுப்பில் சேர்த்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் நூல் வாங்க வெளியே போயிருந்த ஒருநாள், அங்கே அவளுக்கு வலிப்பு வந்தது. கூடப் படித்த பெண்கள் பயந்துபோய் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாள்.

தையல் டீச்சர் மும்தாஜ் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "இன்னாண்ணே நீ? ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒருக்களிச்சிப் படுக்க வைங்கடின்னு பொண்ணுங்ககிட்ட சொல்லி வெச்சிருப்பேனே. என் தம்பிக்கும் இது கீது. எனக்குத் தெரியாதா?"



ஸ்டெல்லா பிழைத்துவிட்டாள். இப்போதெல்லாம் அவள் போகும் இடத்துக்கு நான் முன்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேசக் கூச்சம், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் சொல்கிறேன். போன ஞாயிறு பெண் பார்க்க வந்தவர்களிடமும் முதலிலேயே சொன்னேன். காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

ஆறிப்போன காபியை ஸ்டெல்லாவே எடுத்துக் குடித்தாள். "போனா போறாங்கப்பா. விஷயம் தெரிஞ்சவங்க யாரும் இனிமே என் வாயில தண்ணி ஊத்த மாட்டாங்கல்ல" என்றாள்.

எழுதியது: தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை.