மதலேனாவை இழுத்த கை

மதலேனாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பாடிக்கொண்டிருந்தபோது. சவாயித் தீவின் அந்தக் கரையோர ஊரில் அவளைப் போல உரக்கப் பாடவும் ஆளில்லை, வாயாடவும் ஆளில்லை. கை கால் விழவில்லை, பேச்சும் போகவில்லை. வாய் தப்பித்தது ஊர் செய்த பாவம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். போனது நிதானம்தான். எழுந்து நின்றால் வீடு படகாக ஆடியது. பார்த்ததெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

வீட்டு முன்னால், சாலையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், அவள் கணவன் பெனியாமினாவின் கல்லறை. செத்து நாலு வருஷம். எல்லா வீட்டு முற்றத்திலும் இருப்பதுதான். அதன் மேல் துணி காயும், பிள்ளைகள் உட்கார்ந்து மாங்காய் தின்னும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவள் பார்த்தபோது அங்கே ஒட்டினாற்போல இரண்டு கல்லறைகள் இருந்தன. இரண்டாவது யாருக்கு என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வாரம் ஒருமுறை லூப்பே என்ற பெண் வருவாள். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்க்க வேண்டும். பார்வை அசையக் கூடாது, தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்ட வேண்டும். பிறகு தூணுக்குப் பக்கத்தில் கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்க வேண்டும்.

"இது என்னடி கூத்து? இருக்கிற தலைசுத்தல் போதாதா?"

"சுத்தட்டும், அம்மா. சுத்தினாத்தான் மூளை கத்துக்கும். சுத்தவே இல்லன்னா நீங்க என்னை ஏமாத்துறீங்கன்னு அர்த்தம்."

"ஏமாத்துறதா இருந்தா உன்னை மாதிரி பொடிசையா ஏமாத்துவேன்?"

வாய் பேசினாலும் தவறாமல் செய்தாள். மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதும் முன்னால், முன்தூணருகே, சாலையைப் பார்த்தபடி. சுவரில்லாத வீடு. போகிற வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பது மரியாதைக்கேடு. எவளும் நிற்க மாட்டாள், மதலேனாவா நிற்பாள்?

இரண்டாவது வாரம் அது வந்தது. கண்ணை மூடி ஐந்து எண்ணியிருப்பாள். யாரோ இடது கையைப் பிடித்து இழுத்தார்கள். தள்ளவில்லை, இழுத்தார்கள், மெதுவாக, சட்டைக்கையைப் பற்றி இழுப்பது போல. கண்ணைத் திறந்தாள். ஒருவரும் இல்லை. கல்லறைதான் இருந்தது, சற்றே சாய்ந்து, நேற்றைவிடக் கிட்டத்தில். பிரசங்கம் நீண்டுபோனால் பெனியாமினா அப்படித்தான் இழுப்பான், போகலாம் வா என்று.

மறுநாளும் இழுத்தது. அதற்கு மறுநாளும். இப்படியே மூன்று மாதம். கல்லறைப் பக்கமாகவே. மருமகள் ரூத்தா கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும்போது மட்டும் ஒன்றும் தெரியாது. தனியாக நின்றால் வந்துவிடும். பயம் ஒரு பக்கம். அதைவிட வெட்கக்கேடு, சங்கு ஊதும் நேரம் எப்போது வருமென்று மனம் காத்துக்கிடந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இழுப்பதை மட்டும் ரூத்தாவிடம் உளறிவிட்டாள். ரூத்தா வாயில் ஒன்று விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி.

விஷயம் நாத்தனார் எசேத்தாவின் காதுக்குப் போயிற்று. எங்கள் பக்கம் ஒருவன் செத்தால் அவன் எலும்பின் மேல் கூடப்பிறந்தவளுக்குத்தான் உரிமை. மூத்தவள் வேறு. பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"என் தம்பிக்குப் படுத்த இடம் சரியில்ல. அதான் உன்னைப் புடிச்சு இழுக்கிறான். சனிக்கிழமை கல்லறையைத் திறந்து எலும்பைக் கழுவி, எண்ணெய் பூசி, எங்க அம்மா ஊர்ல கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறோம். நீயும் பொழச்சுப்ப."

"தீவுக்கு அந்தக் கோடியிலயா? அண்ணி, நான் எப்படி வந்து பார்ப்பேன்? எனக்கு ரோடு தாண்டவே ஆள் வேணும்."

"உசுரோட இருந்தாத்தானே பார்க்கிறதுக்கு."

அதற்கு மேல் பேச மதலேனாவுக்கு உரிமை கிடையாது. வியாழக்கிழமை லூப்பே வந்தபோது அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

லூப்பே சிரிக்கவில்லை. "ஒரே பக்கமா பார்த்துத்தான் நிக்கிறீங்களா? திரும்பி நில்லுங்க. சாலைக்கு முதுகைக் காட்டி. கல்லறை வலப்பக்கம் வந்துரும். அப்பவும் கல்லறைப் பக்கமே இழுத்தா அது அவரு. இடப்பக்கமே இழுத்தா அது உங்க தலைக்குள்ள அடிபட்ட இடம். வாங்க, நான் புடிச்சுக்கிறேன்."

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். போ, உனக்கு பஸ் போயிரும்."

தெரிந்துகொள்ள அவளுக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க இதையேதான் நினைத்தாள். அவன்தான் என்றால் தோண்டி எடுத்துப் போய்விடுவார்கள். அவன் இல்லை என்றால்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுபோகும்.

சனிக்கிழமை காலை எசேத்தா இரண்டு தடியன்களோடு வந்தாள். ஒருவன் கடப்பாரையைக் கல்லறை மேல் பதித்திருந்த ஓட்டின் இடுக்கில் வைத்தான். முதல் ஓடு சடக்கென்று விட்டது. அந்தச் சத்தம் மதலேனாவின் பல்லில் கூசியது. தூணைப் பிடித்து எழுந்தாள்.

"நிறுத்துடா! அண்ணி, இங்க என்னைப் பாருங்க."

அவள் மெல்லத் திரும்பி நின்றாள். சாலையில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். "அத்தை, முதுகு!" என்று ரூத்தா பதறினாள்.

"பார்த்துட்டுப் போகட்டும். யாரும் என்னைத் தொடாதீங்க."

கால்களைச் சேர்த்தாள். கண்ணை மூடினாள். ஒன்று. இரண்டு. மூன்று. வலது கை ரோமம் சிலிர்த்து நின்றது. அந்தப் பக்கம்தான் அவன் இருக்கிறான். இழு என்று வாய்க்குள் கெஞ்சினாள். நாலு. ஐந்து.

இழுத்தது. இடப்பக்கம். அதே கை, அதே மெதுவான இழுப்பு. அவள் இரண்டு எட்டு தடுமாறித் தூணைக் கட்டிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் போனேன், அண்ணி?"

எசேத்தா கல்லறையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "பன்னிப்பட்டிப் பக்கம்" என்றாள். ஒரு தடியன் களுக்கென்று சிரித்தான். "வாயை மூடுடா. கடப்பாரையைக் கீழ போடு. அந்த ஓட்டைப் பழையபடி ஒட்டு. என் தம்பி நிம்மதியாத்தான் படுத்திருக்கான்."

ரூத்தா கோக்கோ போட ஓடினாள். மதலேனா தூணோடு சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். விக்கி விக்கி அழுதாள்.

"அடியே, நீ கேட்டதுதானே நடந்துச்சு? இங்கயேதான் இருக்கப்போறான். இன்னும் என்னத்துக்கு அழுவுற?"

"மூணு மாசமா என்னைக் கூப்பிடறாருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், அண்ணி. அவரு கூப்பிடவே இல்ல."