தமிழ் முதல் நிலை, இரண்டு கிரெடிட்

என் கூட்டாளிகளைவிட ஒரு செமஸ்டர் தாமதமாகத்தான் நான் பட்டம் வாங்கினேன். ஏன் என்று கேட்பவர்களிடம், தமிழ்ப் பாடத்தில் ஏ எடுத்துவிட்டேன் என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

பினாங்கில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற ஒரு வேற்றுமொழிப் பாடம் கட்டாயம். எல்லாரும் ஜப்பான் மொழி, கொரிய மொழி என்று ஓடியபோது நான் தமிழ் முதல் நிலையைப் பதிந்தேன். சோம்பேறித்தனம் என்று எண்ண வேண்டாம். எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னாலேயே மலாய்ப் பள்ளி இருந்ததால் அம்மா என்னை அங்கேதான் சேர்த்தார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். பேச்சு முழுக்கத் தமிழ். ஆனால் எனக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் சீனர்கள், மலாய்க்காரர்கள். அவர்களுக்கு எழுத்து பிடிபட்டது, அர்த்தம் வரவில்லை. எனக்கு நேர்மாறு. ன, ண, ந மூன்றும் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒருநாள் லிட்டில் இந்தியாவில், நாங்கள் பல வருடமாகத் தூள் வாங்கும் கடையின் வாசலில் நின்று, ‘மிளகாய் அரைத்துத் தரப்படும்’ என்ற பலகையை முழுசாகப் படித்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் மிளகாய் நெடி என்று நினைத்து மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

சிக்கல் கடைசி செமஸ்டரில் வந்தது. பட்டத்துக்கான கிரெடிட்டுகளைச் சரிபார்த்த அலுவலகம், இரண்டு குறைகிறது என்றது. தாய்மொழியை வேற்றுமொழிப் பாடமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். மாணவர் கையேட்டில் அது இருக்கிறது. கையேட்டை யார் படித்தார்கள்? சேரும்போது தாய்மொழி தமிழ் என்று நிரப்பியதும் நான்தான். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை தயாராக இருந்தது. அந்த செமஸ்டரோடு படிப்பை முடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த மலாய் அதிகாரி நல்ல மனிதர். பாடத்தில் சேரும்போது எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று விளக்கினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, ஏ எடுத்திருக்கிறாயே என்றார். வகுப்பில் கற்றுக்கொண்டுதான் எடுத்தேன் என்றதற்கு, அதை எப்படி நிரூபிப்பாய் என்று கேட்டார். கோபம் தலைக்கேறியது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். வீட்டில் பேசுவது மலாயும் ஆங்கிலமும்தான், தமிழ் இல்லை என்று ஒரு கடிதம். கீழே பெற்றோர் கையெழுத்து. அது போதும் என்றார்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்துவிட்டு வந்து வீட்டிலும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கொதிப்பார், நானும் சேர்ந்து கொதிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

“எழுதிக் குடுத்துட்டு வேலைக்குப் போற வழியப் பாரு லா. பேப்பர்ல இல்லேன்னு போட்டா வாயில இல்லாம போயிடுமா?”

எனக்கு வலித்தது. ஆனாலும் வேலை வேண்டுமே. மலாயில் டைப் செய்து நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பார்க்கப் பிடிக்காமல் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் அதிகாரி கடிதத்தைப் படித்துத் தலையாட்டினார். முத்திரையைக் கையில் எடுத்தவர் அடியில் பார்த்துத் தயங்கினார். இது கையெழுத்தா, பேனா கிறுக்கியதா என்று கேட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

அம்மா சுங்கை பாக்காப்பில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். என் பள்ளி ரிப்போர்ட் கார்டு எல்லாவற்றிலும் அந்தச் சுழிதான் இருக்கும். அம்மாவின் கையெழுத்து என்று தெரியுமே தவிர, அதை எழுத்தாக நான் பார்த்ததே இல்லை.

கையெழுத்துதான் என்று சொல்லியிருந்தால் முத்திரை விழுந்திருக்கும். ஆனால் என் கண் அதற்குள் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டது. முதல் எழுத்து பிடிபட்டது. அடுத்தது ன அல்ல, ண. அம்மாவின் பெயர், தமிழில் இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டேன்.

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவை ஆங்கில எழுத்தில் போடச் சொல்லி இன்னொரு கடிதம் கொண்டுவரலாமே என்றார். வேண்டாம், அடுத்த செமஸ்டரில் மாண்டரின் முதல் நிலைக்கு என்னைப் பதிந்துவிடுங்கள் என்றேன். புக்கிட் தெங்கா வேலை போய்விட்டது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தப் பெயரை வாசித்துக் காட்டச் சொன்னார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. என் அம்மாவின் பெயரை முதல்முறையாக, ஒவ்வோர் எழுத்தாக, படித்தேன்.