பேட்டரி ப்ளோயரும் டெமோவில் நான் சொல்லாததும்

ப்ளோயர் விற்பது சுலபம். வாங்கியவரை அதனிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

வயர் கிடையாது. பேட்டரியை மாட்டி விசையை அமுக்கினால் அடிக்கிற காற்றில் தூசியும் சருகும் தெருமுனைக்கு ஓடிவிடும். மதுரையில் ஒரு மிஷின் கடையில் அதற்கு டெமோ காட்டுகிறவன் நான். கண்ணாடி போடுங்க, காற்றை உறிஞ்சுகிற பின்பக்கத்தை அடைக்காதீங்க, நெருப்புப் பக்கம் போகாதீங்க, தண்ணி படவிடாதீங்க என்று தொண்டை வறளக் கத்துவேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். கடையில் நின்று பொருள் விற்கிற உங்களுக்குத் தெரியாததா அந்தத் தலையாட்டல்!

கண்ணுக்குக் கண்ணாடி

திருவாதவூர் விவசாயி ஒருவர் நெல் தூற்ற வாங்கிப் போனார். கூடவே கண்ணாடியும் கொடுத்துவிட்டேன். மறுவாரம் ஒரு கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து வந்து நின்றார். எதிர்க்காற்றில் நின்று அடித்திருக்கிறார். பதர் அம்புட்டும் அவர் முகத்துக்கே திரும்பிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

"கண்ணாடி எங்கண்ணே?" என்றேன்.

"அது நல்லாருக்கு தம்பி. பைக் ஓட்டுறப்ப போட்டுக்கிடுறேன்."

கிடா விருந்து

சோழவந்தான் பக்கத்துச் சமையல் மாஸ்டர் ஒருவர், சமையல் கொட்டகையைக் கூட்டத்தான் என்று சொல்லி வாங்கினார். கிடா விருந்தில் விறகு ஈரமாம்; அடுப்புக்குள் ப்ளோயரை நீட்டிவிட்டார். தணல் பறந்து கீற்றுப் பந்தலைப் பிடிக்கப் போக, யாரோ ஒரு புண்ணியவான் அண்டாத் தண்ணீரை ஊற்றியதால் பந்தல் தப்பித்தது.

மூக்கு உருகி வாழைப்பூ மாதிரி தொங்கிய மிஷினை மேஜையில் வைத்து, மாற்றித் தரச் சொன்னார் மாஸ்டர். முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ டெமோ காட்டுற லட்சணம் இதுதானா? இன்னொரு மிஷின் இப்படித் திரும்பி வந்துச்சு, உன் சீட்டைக் கிழிச்சிருவேன்." மாஸ்டருக்கு என் வேலையைப் பற்றிய கவலையெல்லாம் கிடையாது.

"மிஷினை விடுங்கண்ணே, சோறு எம்புட்டு வெரசா வெந்துச்சு தெரியுமா!"

குழாயடி

வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, துணித்தூசி ஊத வாங்கியவர். உள்ளே பஞ்சு அடைத்ததும், பேட்டரியைக்கூடக் கழற்றாமல் குழாயில் காட்டி, சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார். அவர் தூக்கி வந்த மிஷினிலிருந்து சொட்டியது தண்ணீர் இல்லை, என் வேலை!

முதலாளி கத்தவில்லை. "ஆயுத பூஜை கழியட்டும், உன்கிட்ட பேசுறேன்" என்றார். நல்ல நாளுக்கு முன்னால் ஆளை அனுப்பினால் பாவமாம். என்ன ஒரு தர்ம சிந்தனை! நான் அக்காவிடம், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"காத்து அடிக்கிற மிஷின்தானே தம்பி, தன்னைத்தானே காய வச்சுக்கிடும்னு நெனச்சேன்."

ஆயுத பூஜை

மறுநாள் வேலை இருக்குமா என்று யோசித்தபடியே பூஜைத் தட்டில் பொரிகடலை நிரப்பினேன். முதலாளியோ டெமோ மிஷினின் காற்றுத் துளையில் பாதியை அடைக்கும்படி சந்தனம் அப்பினார். கதம்ப மாலையைச் சுற்றினார். "சாமி முன்னாடி ஒருவாட்டி ஓட்டிருவோம்" என்று விசையையும் அமுக்கிவிட்டார்.

"முதலாளி, மாலை!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் பின்பக்கம் மாலையை நூலோடு இழுத்துக்கொண்டது. முன்பக்கம் விபூதித் தட்டு பறந்தது. கருகல் வாடை கிளம்ப, பாய்ந்து பேட்டரியைக் கழற்றினேன். முகமெல்லாம் விபூதியாக, கண்ணைத் திறக்க முடியாமல் முதலாளி நின்றார். தண்ணீர் எடுத்து வந்து கண்ணைக் கழுவிவிட்டேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வழியாகக் கண் திறந்தவர், மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாலை போடக் கூடாதுன்னு டெமோவுல நீ சொல்லவே இல்லையேப்பா!"

பேசுகிறேன் என்றவர் இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் டெமோவில் மட்டும் 'மிஷினுக்கு மாலை போடாதீங்க' என்று ஒரு வரி கூடியிருக்கிறது, அதற்கும் முதல் ஆளாகத் தலையாட்டுகிறவர் முதலாளிதான்.